இலங்கை தவிர

எங்கட ஊரில் கலியாணப் பதிவுக்கு ‘எழுத்து’ என்று பெயர். “எழுத்து முடிஞ்சுதோ?” என்று யாரும் கேட்டால், விவாகப் பதிவாளர் வீட்டுக்கு வந்து, நீளப் புத்தகத்தை மேசையில் விரித்து, இரண்டு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்கி, பால்கோப்பியும் குடித்துவிட்டுப் போய்விட்டாரா என்று அர்த்தம். தாலி பிறகு ஏறும். எழுத்து முடிந்தாலே பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி.

எங்கட எழுத்து 2013 ஆவணியில் நடந்தது. என் முறை வந்தபோது பேனை மை விடவில்லை. ஒருக்கால் உதறினேன். மேசையில் இரண்டு துளி தெறித்தது. பதட்டத்தில் வைத்த கையெழுத்து கோணிப்போனது. மாமி வாய்க்குள் ஏதோ சகுனம் சொன்னா. இவர் மட்டும் சிரித்தார். அந்தக் கோணல் கையெழுத்தை அதற்குப் பிறகு எத்தனை மேசைகளில் வைத்து உற்றுப் பார்த்தார்கள் என்று நினைத்தால் இப்போது எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது.

போன கிழமை ஊரிலிருந்து ஒரு தங்கச்சி வட்சப்பில் கூப்பிட்டாள். சொந்தத் தங்கச்சி இல்லை, எங்கட ஒழுங்கைக்காரி. கட்டி ஒரு வருசம். மாப்பிள்ளை ஆறு மாதத்துக்கு முன்னம் பாரிஸ் வந்து சேர்ந்திருக்கிறார்.

“அக்கா, அவர் அங்க கேஸ் போட்டாச்சாம். நான் எப்ப வரலாம்?”

இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னார்கள், பாதி பொய். அதனால் அவளுக்கு ஒரு மணித்தியாலம் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதிவைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டத்தின் நடுவில் ஐந்து வருசம் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான்.

ரயிலில் போன மனுசன்

1990இல் நின்றுபோன யாழ்தேவி, 24 வருசம் கழித்து 2014 ஒக்ரோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. ஸ்ரேசனில் வாழைமரம் கட்டி ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த மாதம் அதே ரயிலில் இவர் கொழும்புக்குப் போனார். கையில் ஒரு சின்ன பாக். “இரண்டு கிழமையில் வந்திடுவன்” என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லச் சொன்னார். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் உண்மை தெரியும்.

ஏன் போனார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதை அவர் சொல்ல வேண்டிய இடத்தில், சொல்ல வேண்டிய ஆட்களிடம் சொல்லிவிட்டார். வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்து போனார்கள் என்பது மட்டும் போதும்.

ஏஜென்சிக்குக் கொடுத்த காசில் என் தாலிக்கொடியும் இருந்தது. அது வங்கியில் அடைவுக்குப் போனது. நான் மஞ்சள் கயிற்றில் இருந்தேன். 2015 இளவேனிலில் ஒரு நாள், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. “பாரிஸ் வந்திட்டன்.” பிறகு இருமல். பிறகு, “இஞ்ச சரியான குளிர்.” நாலு மாதம் எங்கே இருந்தார், எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் இன்றுவரை முழுக்கச் சொல்லவில்லை.

ஒரு சொல்

இனித்தான் எங்கட கதையின் முடிச்சு.

பிரான்சில் தஞ்சம் கேட்பவர் முதலில் பிரெபெக்தூர் என்ற அரச அலுவலகத்தில் பதிந்து, கைரேகை கொடுத்து, பிறகு ஒப்ராவுக்கு விண்ணப்பம் நிரப்பி அனுப்ப வேண்டும். ஒப்ரா 1952இல் தொடங்கிய அகதிகள் அலுவலகம். பாரிசுக்குக் கிழக்கே ஃபொந்தனே-சூ-புவாவில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தில் ஊர், தாய் தகப்பன், ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்பவற்றோடு இன்னொரு கேள்வியும் உண்டு: திருமணமானவரா? கணவன் அல்லது மனைவியின் பெயர், பிறந்த திகதி?

இவர் ‘மணமாகாதவர்’ என்று எழுதிவிட்டார்.

ஏஜென்சி அப்படிச் சொல்லிக் கொடுத்தது பாதிக் காரணம். “மனுசி இருக்கெண்டா கேஸ் பலவீனம், தனி ஆளெண்டு சொல்” என்றானாம். மற்றப் பாதி இவருடைய சொந்தப் பயம். என் பெயரையும் விலாசத்தையும் எழுதினால், அந்தக் கடதாசி எப்படியாவது கொழும்புக்குப் போய், வாசலுக்கு வந்து போன ஆட்கள் திரும்ப என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்திருக்கிறார். பிரான்சில் தஞ்சக் கோவை இரகசியமானது, சொந்த நாட்டுக்குக் காட்டவே கூடாது என்பது சட்டம். பாரிசின் லாச்சப்பலில் ஓர் அறையில் ஏழு பேரோடு படுத்திருந்த மனுசனுக்கு அதை யார் சொல்லியிருப்பார்?

இதை நான் அறிந்தது இரண்டு வருசம் கழித்து. “உம்மைக் காப்பாத்தத்தான் எழுதேல்லை” என்றார். எனக்குக் கோபம் வந்ததா என்று அந்தத் தங்கச்சி கேட்டாள். வந்தது. மூன்று நாள் போன் எடுக்கவில்லை. சபையில் தாலி கட்டின மனுசன், ஒரு வெள்ளைக் கடதாசியில் என்னை இல்லாமல் ஆக்கியிருக்கிறார். நாலாம் நாள் நானே எடுத்தேன். வேறு யாரிடம் போய் அவரைப் பற்றிக் கோபப்படுவது?

ஆகையால் தங்கச்சியிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: “உன்ர பேரை எழுதினவரோ?” எழுதியிருந்தாராம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நாலரை மணி, மூன்றரை மணி

அவள் கேட்ட ‘எப்ப வரலாம்’ என்பதற்கு நேரான பதில்: கேஸ் நடந்துகொண்டிருக்கும்போது மனைவியைக் கூப்பிடுவதற்கு பிரான்சில் வழி இல்லை. பாதுகாப்புக் கிடைத்த பிறகுதான் ‘குடும்ப ஒன்றிணைவு’ என்ற கதவு திறக்கும். மனைவியும் ஏற்கெனவே வேறொரு ஐரோப்பிய நாட்டில் வந்து தஞ்சம் கேட்டிருந்தால் கதை வேறு. இரண்டு பேரும் விருப்பத்தை எழுத்தில் கொடுத்தால், ஒரே நாட்டில் கேஸைப் பார்ப்பதற்கு ஐரோப்பிய விதிகளில் இடம் உண்டு. ஊரிலிருக்கும் மனைவிக்கு அது உதவாது.

அகதிகளுக்கான 1951 ஜெனீவா உடன்படிக்கையின் உறுப்புரைகளில் குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் உரிமை என்று ஒன்று எழுதப்படவில்லை. அதை நிறைவேற்றிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில், குடும்பம் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசுகளுக்கு ஒரு பரிந்துரையாக மட்டும் வைத்தார்கள். அதனால்தான் நாட்டுக்கு நாடு, ஆட்சிக்கு ஆட்சி விதி மாறுகிறது. லண்டனில் இருக்கிற என் மச்சாள் முறைக்காரி 2025 செப்ரெம்பர் 4ஆம் திகதிக்கு முன்னம் விண்ணப்பம் போட்டதால் தப்பினாள். அன்றோடு அகதிகளின் குடும்ப ஒன்றிணைவுக்குப் புது விண்ணப்பம் எடுப்பதை அங்கே நிறுத்திவைத்தார்கள். அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போன எங்கட ஊர்ப் பெடியன் ஒருவன் தற்காலிக விசாவில் இருந்தான். அந்த விசாவில் மனைவியை ஸ்பொன்சர் பண்ண முடியாது. அப்படி இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி விட்டது 2023 பெப்ரவரியில்தான். கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு எழுதும்போது மனைவியை மறைத்தால், பிறகு ஸ்பொன்சர் பண்ணவே முடியாத விதி நெடுங்காலம் இருந்தது. 2019இல்தான் சிலருக்குத் தளர்த்தினார்கள். இவர் அந்த ஒரு சொல்லைக் கனடாவில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் யோசிப்பேன்.

காத்திருந்த காலத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருந்ததை எழுதினால் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆகவே நேரத்தை மட்டும் சொல்கிறேன். குளிர்காலத்தில் எங்களுக்கும் பாரிசுக்கும் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. அரசாங்கம் தஞ்சம் கேட்பவருக்குக் கொடுக்கிற படி ஒரு நாளைக்கு 6 யூரோ 80 சதம். அதில் ஏஜென்சிக் கடன் கட்ட முடியாது. ஆகவே இவரும் எல்லோரையும் போல ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். அங்கே இரவு 12 மணிக்கு வேலை முடியும். ஊரில் அப்போது விடிய நாலரை. கோயிலில் பள்ளியெழுச்சி மணி அடிக்கிற நேரத்தில் என் போன் தலையணைக்குக் கீழே அதிரும். வைபரில் முகம் தெரியும், குரல் அறுந்து அறுந்து வரும். மெட்ரோவுக்குள் இறங்கினால் அதுவும் போய்விடும். “சாப்பிட்டீரா?” என்று கேட்பார். விடிய நாலரைக்கு யார் சாப்பிடுகிறார்கள்? ஆனாலும் “ஓம்” என்பேன்.

பகலில் ஊர் கேட்கும். “பிள்ளை, மருமோனுக்கு விசா கிடைச்சிட்டுதோ?” நல்லது கெட்டதுக்குப் போனால் ‘வெளிநாட்டுக்காரன்ர மனுசி’ என்று முன்வரிசையில் இருத்துவார்கள். அதே வாய்தான் பின்னால், “ஒன்றரை வருசம்கூடச் சேர்ந்து இருக்கேல்லை, அங்க இன்னொண்டு வைச்சிருப்பான்” என்றும் சொல்லும். 2016இல் அதே ஏஜென்சி என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னது. நான் தலையாட்டியும் விட்டேன். அம்மாதான் நின்று தடுத்தா. “அவன் வந்த வழியை அவனே உனக்குச் சொல்லேல்லை. அதிலயே விளங்கேல்லையோ?”

அந்த வருசம் ஐப்பசியில் அப்பா போய்விட்டார். கொள்ளிக்குப் பிறகு வீட்டுக்காரர் திண்ணையில் இருந்து மரண அறிவித்தல் எழுதினார்கள். எங்கட அறிவித்தல்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும் என்று போகும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் நாடு. சித்தப்பா வாசித்துக் காட்டினார். இவருடைய பெயருக்குப் பக்கத்தில் ‘பிரான்ஸ்’ என்று இருந்தது. அங்கே அப்போது இவருக்கு ஒரு துண்டுக் கடதாசிதான் இருந்தது. ஊர் அதற்குள் இவரைப் பிரான்ஸ்காரராக்கிவிட்டது. இவர் போனில் செத்தவீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ போனைக் கதிரையில் சாய்த்து வைத்தார்கள். அது சரிந்து விழுந்து, ஒரு மணித்தியாலம் கூரையைக் காட்டிக்கொண்டிருந்ததாம். அவர் அந்த ஓட்டைப் பார்த்தபடியே இருந்திருக்கிறார்.

இரண்டாம் எழுத்து

ஒப்ராவில் நடந்த விசாரணையில் இவர் தன் கதையைச் சரியாகச் சொல்லவில்லை. அது அவரே ஒப்புக்கொள்வது. திகதிகள் குழம்பின, சொல்ல வேண்டியதைச் சொல்ல வெட்கப்பட்டார். முதல் முடிவு ‘இல்லை’ என்று வந்தது. மேன்முறையீட்டுக்கு ஒரு மாதம் தவணை. அதற்கான நீதிமன்றம் மொந்த்ரேய்யில் இருக்கிறது. அரசு செலவில் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். மொழிபெயர்ப்பாளரோடு இருந்து முதல் நாள் அவர் கேட்ட நாலாவது கேள்வி: “திருமணமானவரா?” இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு “ஓம்” என்றாராம். சட்டத்தரணி பேனையை மேசையில் வைத்துவிட்டு இவரைப் பார்த்தாராம். “இதை இன்றைக்கே எழுத வேண்டும். நீதிபதி கேட்க முன்னம் நாங்கள் சொல்ல வேண்டும்.”

நீதிபதிகளும் கேட்டார்கள், ஏன் மறைத்தீர்கள் என்று. இவர் உள்ளதைச் சொன்னார். 2017 கடைசியில் அகதி அந்தஸ்து கிடைத்தது. பத்து வருசக் கார்ட்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று. அகதியாக ஏற்கப்பட்டவர் தன் நாட்டுத் தூதரகப் படி ஏறக்கூடாது. அப்படியானால் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் யார் கொடுப்பது? ஒப்ராவே கொடுக்கும். நீங்கள் கொடுத்த ஆவணங்களையும் சொன்ன விபரங்களையும் வைத்து, பிரெஞ்சில் புதிதாக எழுதி முத்திரை குத்தித் தரும். பிரான்சுக்குள் அதற்குப் பிறகு அதுதான் மூலம். ‘மணமாகாதவர்’ என்று தொடங்கிய கோவை ஆனபடியால் எங்களுக்குக் கூடுதலாகக் கேட்டார்கள், கூடுதல் காலம் போனது. கடைசியில் ஒரு நாள் இவர் அந்தப் பத்திரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். என் பெயர், அப்பாவின் பெயர், ஊரின் பெயர், 2013 ஆவணித் திகதி, எல்லாம் பிரெஞ்சு எழுத்தில். எங்களுக்கு நடந்த இரண்டாம் எழுத்து அது. இந்த முறை பால்கோப்பி இல்லை.

பிரான்சில் அகதிக்குரிய குடும்ப ஒன்றிணைவில் ஒரு நல்ல விசயம், வருமானம் இவ்வளவு இருக்க வேண்டும், வீடு இத்தனை சதுர மீற்றர் வேண்டும் என்று நிபந்தனை இல்லை. சாதாரண வதிவிட விசாக்காரர் மனைவியைக் கூப்பிடுவதற்குத்தான் அவை எல்லாம். அகதிக்கு வேண்டியது ஒன்று: தஞ்சம் கேட்க முன்னமே கலியாணம் நடந்திருக்க வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சுலபம். ஆனால் நான்தான் கொழும்பில் விண்ணப்பிக்க வேண்டும், உண்மை என்று நான்தான் காட்ட வேண்டும்.

2018இல் போட்ட முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. குற்றம் சொல்ல முடியாது. ஒரே மனுசன் ஒரு கடதாசியில் இல்லை என்றும் இன்னொன்றில் ஓம் என்றும் எழுதியிருந்தால் நானாயிருந்தாலும் சந்தேகப்படுவேன். விசா மறுப்புக்கு நாந்த் நகரில் இருக்கிற ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னார்: “விவாகச் சான்றிதழ் இருக்கிறது, சரி. அதைவிட, ஊரும் உறவும் உங்களைக் கணவன் மனைவியாகக் கண்டு நடத்தியது என்பதற்கு என்ன இருக்கிறது?” பிரெஞ்சுச் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டாம்.

அன்றிரவு விறாந்தையில் பாய் விரித்து, நானும் அம்மாவும் வீட்டிலிருந்த கடதாசி எல்லாவற்றையும் கொட்டினோம்.

கலியாண அல்பத்தில் நல்ல படமெல்லாம் வீண். நானும் இவரும் மட்டும் நிற்கிற படங்களால் என்ன பயன்? தாலி கட்டும்போது பின்னால் முப்பது தலை தெரிகிற, ஒருவர் கண்ணை மூடியும் ஒருவர் வாயைத் திறந்தும் இருக்கிற மங்கல் படம்தான் சாட்சி. காசு அனுப்பினதுக்கு ஆதாரம் கேட்டார்கள். இவர் முதல் இரண்டு வருசமும் உண்டியலில்தான் அனுப்பினார். ஒருவர் மோட்டார்சைக்கிளில் வருவார், நம்பர் கேட்பார், காசை எண்ணித் தருவார், போய்விடுவார். ரசீது ஏது? கோப்பை கழுவி அனுப்பின காசில் முக்கால்வாசி, கடதாசிக் கணக்கில் வரவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் ஏன் இல்லை என்று ஒரு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அவர் பெயருக்கு முன்னால் அவருடைய அப்பா, என் பெயருக்கு முன்னால் என்னுடைய அப்பா, எங்களுக்கு வழக்கம் இதுதான் என்று மொழிபெயர்ப்பாளர் அரைப் பக்கம் எழுதினார். வட்சப் கதைகளை அச்செடுத்தோம். “சாப்பிட்டீரா”, “ஓம்”, “நீங்கள்?”, “இனித்தான்.” நூற்றுக்கணக்கான பக்கம் அதுதான். மொழிபெயர்க்கக் கொடுத்தபோது அந்த மனுசன், “தங்கச்சி, எல்லாம் ஒரே வசனமா இருக்கு, இருபது பக்கம் காணும்” என்றார்.

விடியச் சாமத்தில் அம்மா உள்ளே போய் சாமிப்படத் தட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மடித்த பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்தா. அப்பாவின் மரண அறிவித்தல். நான் அதை இரண்டு வருசமாகப் பார்க்கவில்லை. அம்மா விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினா. “இதில மருமகன் எண்டு இருக்குத்தானே?”

2016ஆம் ஆண்டுத் திகதியோடு, விசாவுக்காக யாரும் செய்திருக்க முடியாத ஒரு கடதாசி. சட்டத்தரணிக்கு அனுப்பினபோது அவருக்கு அவ்வளவு சந்தோசம். நான் சந்தோசப்படவா அழவா என்று தெரியாமல் இருந்தேன். சாகும்வரை அப்பாவுக்கு ஒரே கவலை, பிள்ளையை அவனோடு அனுப்பாமல் போகிறேனே என்பது. கடைசியில் என்னை அனுப்பினதில் அவருக்கும் பங்கு இருந்தது.

இரண்டு அந்நியர், ஓர் அறை

2020 பெப்ரவரி. சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்தபோது, கறுப்பு ஜக்கெற் போட்ட, முன்மயிர் கொட்டின ஒருவர் கையைத் தூக்கினார். அதே முகம்தான், ஒவ்வொரு நாளும் போனில் பார்த்த முகம். ஆனால் போனில் முகம் மட்டும்தான் தெரியும். நடை மாறியிருந்தது. மெட்ரோவைப் பிடிக்கிற நடை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கிட்டப் போனால் வேறு மணம், சவர்க்காரமும் குளிரும். ஐந்து வருசம் மூன்று மாதம் காத்திருந்தவள், முதல் இரவு அறையின் ஓரத்தில் சூட்கேசை அணைத்தபடி இருந்தேன். அவருக்கும் அப்படித்தான். “ரீ போடட்டோ?” என்று மூன்று முறை கேட்டார்.

வீடு லா கூர்நோவில், 7ஆம் இலக்க மெட்ரோவின் கடைசித் தரிப்புக்குக் கிட்ட, 14 சதுர மீற்றர். ஊரில் ஒரு தேத்தண்ணி ஊற்றத் தெரியாத மனுசன் இங்கே வெங்காயம் வெட்டினால் கத்தி கண்ணுக்குத் தெரியாது. நான் சாப்பிட்டு முடிக்கிற கணத்தில் கோப்பை கையிலிருந்து போய்விடும், கழுவித் துடைத்துக் கவிழ்ந்திருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்த நாள் அழுகை வந்தது. இவர் எத்தனை ஆயிரம் கோப்பை கழுவியிருந்தால் கை தானாக இப்படிப் போகும்?

வந்து ஒரு மாதம் ஆகவில்லை, மார்ச் 17இல் பிரான்சைப் பூட்டினார்கள். 55 நாள். வெளியே போவதென்றால் பெயர், பிறந்த திகதி, விலாசம், காரணம் எழுதிக் கையெழுத்து வைத்த ஒரு கடதாசி கையில் வேண்டும். நடக்கப்போனால் ஒரு மணித்தியாலம், ஒரு கிலோமீற்றர். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! ஐந்து வருசம் எங்களைச் சேர்ந்திருக்க விடாத கடதாசி, இப்போது பிரிந்து கடைக்குப் போவதற்கும் வேண்டியிருக்கிறது. உண்மையில் எங்களைக் கணவன் மனைவியாக்கியது அந்த 55 நாளும்தான். ஒளிய இடமில்லாத அறையில் சண்டை பிடித்துப் பழகினோம். போனில் சண்டை பிடித்தால் வெட்டிவிடலாம், 14 சதுர மீற்றரில் அது முடியாது.

தங்கச்சிக்கு இதையும் சொன்னேன். விசா வந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதே. நீ காத்திருக்கிற ஆள் வேறு, விமான நிலையத்துக்கு வருகிற ஆள் வேறு. அவருக்கும் நீ அப்படித்தான்.

ஒரு வரி

இங்கே வந்த பிறகு, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கேள்வி வந்தது. அகதி உதவிச் சங்கத்தில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மா மொழிபெயர்ப்பாளரோடு விளக்கினா. எனக்கு முன்னால் இரண்டு வழி. ஒன்று, குடும்ப ஒன்றிணைவில் வந்தவள் என்ற முறையில் பத்து வருசக் கார்ட் எடுத்து, இலங்கைப் பாஸ்போர்ட்டை அப்படியே வைத்திருப்பது. மற்றது, நானும் ஒப்ராவுக்கு எழுதி அகதியாவது. அகதி தஞ்சம் கேட்க முன்னம் கட்டின, அதே நாட்டுக் கணவனுக்கோ மனைவிக்கோ அந்த அந்தஸ்தைக் கொடுக்க வேண்டும் என்று பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1994இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இவருடைய பிரயாணப் பத்திரத்தை மேசையில் விரித்து அந்த அம்மா ஒரு வரியைக் காட்டினா. எல்லா நாடுகளுக்கும் செல்லும், இலங்கை தவிர. “உங்களுக்கும் இது வேண்டுமா?” என்று கேட்டா.

நியாயமான வரிதான். எந்த நாட்டுக்குப் பயந்து தஞ்சம் கேட்டாரோ அந்த நாட்டுக்கே போய்வந்தால், பிறகு பயம் எங்கே என்று கேட்பார்கள், அந்தஸ்தே போகலாம். ஆனால் எனக்கு அங்கே அம்மா தனிய இருக்கிறா. நான் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. மெட்ரோவில் வரும்போது மட்டும், “அப்ப நீர் போகலாம்” என்றார். கொஞ்சம் கழித்து, “நல்லது” என்றார்.

லா கூர்நோவில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. கோடை லீவுக்கு மனைவிமார் பிள்ளைகளோடு ஊருக்குப் போவார்கள், மனுசன்மார் விமான நிலையம்வரை பெட்டி தள்ளிக்கொண்டு வருவார்கள். தாயைப் பார்க்க வேண்டுமென்றால் தாயைத் திருச்சிக்கோ சென்னைக்கோ கூப்பிட்டு, அங்கே ஒரு வாடகை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தால் அந்த வரி போய்விடும். அகதிக்கு ஐந்து வருசம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் மொழி வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து கேட்கிற மட்டம் பி-2. இவருக்குத் தெரிந்தது சமையலறைப் பிரெஞ்சு. கரண்டிக்கும் சட்டிக்கும் உள்ள எல்லாச் சொல்லும் தெரியும், கட்டுரை எழுத வராது. இரவு வேலை முடிந்து வந்து, ஒரு கொப்பியில் வினைச்சொல் எழுதிப் பழகுகிறார்.

2023 கார்த்திகையில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று போனேன். இரண்டு வயது மகளை இவரிடம் விட்டுவிட்டுத்தான் போனேன். போன மூன்றாம் நாள் விடிய ஐந்தரைக்கு என் போன் அதிர்ந்தது. பாரிசில் நடுச்சாமம் ஒரு மணி. மகள் பக்கத்தில் நித்திரை.

“வீட்டைக் காட்டும்” என்றார்.

எழும்பி நடந்தேன். விறாந்தை, கிணத்தடி, முருங்கை. “கொஞ்சம் இடப்பக்கம். இல்லை, கீழ. அந்தச் சுவர் எப்ப மஞ்சளாச்சு?” போன வருசம் பூசினது என்றேன். “எனக்குச் சொல்லேல்லையே” என்றார். அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூரைக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னார். ஓட்டை மட்டும் தனக்கு நல்லாத் தெரியும் என்றார்.

“அந்த மேசை எங்க?”

எழுத்து எழுதின மேசை. அது பின்கொட்டிலுக்குப் போய்விட்டது. மேலே கோழித்தீன் சாக்கு. சாக்கை நகர்த்தி, போனின் வெளிச்சத்தைப் போட்டேன். தூசியை உள்ளங்கையால் துடைத்தேன். கேத்தில் சுட்ட வளையம், கத்தி கீறின கோடு, எண்ணெய்க் கறை, அதற்குள் கறுத்த புள்ளிகள் பத்துப் பன்னிரண்டு.

“மை தெறிச்ச இடம் இருக்குதோ?”

எது மை, எது வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தை ஒரு புள்ளிக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

“இருக்கு” என்றேன்.

அவர் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.